ஒரு கூரை, இரண்டு மீட்டர்

பொன்னம்மாப்பேட்டையில்
அர்த்தநாரி வீட்டு மாடிக்கு
இரும்பு ஏணிதான்.
டேப்பின் மறுமுனையை அவர் பிடித்துக்கொள்ள
அளந்தேன்.
தண்ணீர்த் தொட்டியின் நிழல் போக,
சாயநூல் காயும் கொடி போக,
பக்கத்து வீட்டார் போன வருஷம்
வீம்புக்கு உயர்த்திய சுவரின் நிழல் போக
முந்நூறு சதுர அடி வெயில்.
மூன்று கிலோவாட் தாராளமாக உட்காரும்.

கீழே எட்டுத் தறியில் வேட்டி ஓடுகிறது.
அந்தச் சத்தத்தில்
உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.
லோகாம்பாள் கேட்டாள்:
எந்த மீட்டருக்கு?

வாசலுக்கு இடது பக்கம் வீட்டு மீட்டர்,
வலது பக்கம் தறி மீட்டர்.
பெயரிலேயே பாதிப் பாதியாக நிற்கிற மனுஷனுக்கு
மின்வாரியமும் அப்படியே பிரித்துக் கொடுத்திருக்கிறது.
மேலே கூரை மட்டும் ஒன்று.
வீட்டுக்கு என்றால் மானியம்.
தறிக்கு என்றால் இல்லை.
வெயிலுக்கு இது தெரியாது.
எனக்குத் தெரியும்,
அதற்குத்தான் சம்பளம்.

வீட்டில் இரண்டு விளக்கு, ஒரு ஃபேன்,
ஞாயிற்றுக்கிழமை மிக்சி.
முதல் நூறு யூனிட் இலவசம்;
சித்திரை தவிர
நூறைத் தொட்டதே இல்லை.
பூஜ்யம் என்று வருகிற பில்லை
நான் எதைக் கொண்டு குறைப்பேன்?

தறி மீட்டரோ சலுகையைத் தாண்டிய மறுநிமிஷம்
ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடுகிறது.

"பசிச்சவனுக்கு இலை போடல,
சாப்பிட்டுக் கை கழுவினவனைப்
பந்திக்குக் கூப்பிடறாங்க"
என்றாள்.
அதை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

நான் போனைத் திறந்து
சுற்றறிக்கைகளைக் காட்டினேன்.
கூரையில் விளைகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும்
வாரியத்துக்கு வழிக்கட்டணம் என்றது ஒன்று.
பாதி போதும் என்றது அடுத்தது.
மூன்றாவது இன்னும் திறக்கவில்லை,
சிக்னல் சுற்றிக்கொண்டிருந்தது.

குகையில் ஒரு வீட்டுக்குத் தகடு ஏற்றிவிட்டு
இருதிசை மீட்டருக்காக
ஐந்து மாதம் காத்திருந்ததைச் சொல்லவில்லை.
பழைய மீட்டர்
வெளியே போன கரண்டையும்
உள்ளே வந்ததாக எண்ணும்.
அதனால் சுவிட்சை இறக்கிவைத்தோம்.
ஆடி, ஆவணி, புரட்டாசி,
கண்ணாடிமேல் காக்கை நடந்தது.

ஆத்தூர் ரோட்டுச் சேகோ ஆலைக் களத்தில்
ஏக்கர் கணக்கில் ஜவ்வரிசி காய்கிறது.
அந்த வெயிலுக்கு
இன்னும் யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை.
இதையும் சொல்லவில்லை.

அப்போது கரண்ட் போனது.

எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
வேலை கேட்டு வந்தவள் மாதிரி
தலைக்குமேல் நிற்கிறது உச்சி வெயில்.
அர்த்தநாரியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன்,
இவ்வளவு மெல்லிய குரலா:
"இது இருந்தா இப்ப ஓடுமாம்மா?"

ஓடாதுங்க.
லைன் போனால் இதுவும் தானாக நின்றுவிடும்.
பேட்டரி வைத்தால் வேறு, அதன் விலையும் வேறு.
ஏன் என்று அவர் கேட்குமுன்
முனைக் கம்பத்தைக் காட்டினேன்.
மேலே ஒரு ஆள்.
இடுப்பில் கயிறு, வாயில் கம்பித்துண்டு.
நம்ம வெயில்
அவர் கைக்குப் போய்விடக் கூடாது இல்லையா.

இத்தனை விதியில்
இந்த ஒன்றைத்தான்
போனைப் பார்க்காமல் சொன்னேன்.
அவரும் இந்த ஒன்றுக்குத்தான் தலையாட்டினார்.

சேர்வராயன் மலைப் பக்கம்
ஒரு மேகம் கிளம்பியிருந்தது.
கம்பத்து ஆள் இறங்கினார்.
தறிகள் திரும்ப அடிக்கத் தொடங்கின.

விண்ணப்பத்தில் இரண்டு வட்டம்:
வீடு, இதர.
ஒன்றைத் தொட்டால் மற்றது அழியும்.
விரலை மேலே வைத்துக்கொண்டு
அவர் உதட்டைப் பார்த்தேன்.

"வீட்டுக்கும்மா" என்றாரா,
"விட்டுடும்மா" என்றாரா,
இரண்டுக்கும் உதடு
ஒரே மாதிரிதான் அசைகிறது.